இம்பர் ஊரைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகமும், சாலிஸ்பரி சமவெளிப் பயிற்சி நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளும்.

வணக்கம்.

வில்ட்ஷையரில், சாலிஸ்பரி சமவெளியின் நடுவே, 1943-இல் மக்களை வெளியேற்றியதிலிருந்து உங்கள் எல்லைக்குள் ஆளில்லாமல் இருக்கும் இம்பர் என்ற சிற்றூரைப் பற்றி இந்த மடல். ஊரைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க வரவில்லை. கேட்டவர்கள் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். கேட்க உரிமை இருந்தவர்களில் அநேகம் பேர் போய்ச் சேர்ந்தும் விட்டார்கள். நான் கேட்பது சின்ன விஷயம். டார்செட்டில், இதே மாதிரி காலி செய்த டைன்ஹாம் என்ற ஊரில் நீங்களே செய்து வைத்திருப்பதை இம்பரிலும் செய்யுங்கள். எந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். ஊர் என்றைக்குத் திறக்கும் என்பதை உங்கள் சௌகரியத்துக்கு விடாமல் ஒரு விதியாக்குங்கள்.

தமிழில் எழுதினால் இது உங்கள் மேசைக்கு வந்து சேராது என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதிய மனுக்கள் பல காலமாக ஒழுங்காக வந்து சேர்ந்தும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லையே. தவிர, இந்த நாட்டில் வரி கட்டுகிற தமிழர்களும் இருக்கிறோம். அதில் ஒரு பங்கு உங்கள் பீரங்கிக் குண்டுக்கும் போகிறது. எங்கள் மொழியிலும் ஒரு மனு இருந்துவிட்டுப் போகட்டும். படிக்கிறவர்கள் பலருக்கு இம்பர் புதிய பெயராக இருக்கும் என்பதால் கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இம்பரின் பெயர் எழுத்தில் முதலில் வருவது 967-இல். வெற்றிவேந்தன் வில்லியம் நாடு முழுவதும் நிலக் கணக்கு எடுத்த 1086-இலும் அந்த ஊர் இருந்தது. சுண்ணாம்புக்கல் மேட்டு நிலங்களுக்கு நடுவில் ஒரு பள்ளம், அதில் ஒரு தெரு, தெருவை ஒட்டி மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஒரு நீரோடை. அந்த ஓடைக்கு இம்பர் டாக் என்று பெயர். எந்த டவுனுக்குப் போவதென்றாலும் ஏழு மைல் என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. 1851 மக்கள்தொகைக் கணக்கில் 440 பேர். அதுதான் உச்சம். அப்புறம் இறங்குமுகம்தான். 1930-களில் 150 பேர் அளவில் வந்து நின்றது.

ஆடும் கோதுமையும்தான் பிழைப்பு. ஆனால் இம்பர்காரர்களுக்கு வெளியூர்களில் பெயர் வாங்கித் தந்தது வேறொரு கைத்தொழில், மேட்டில் குளம் வெட்டுவது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் தண்ணீர் நிற்காது, கொட்டியது கொட்டியபடி உள்ளே இறங்கிவிடும். ஆடுகளோ மேட்டில்தான் மேயும். அங்கேயே அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். இதற்காகத் தட்டு மாதிரி அகலமாக, ஆழமில்லாமல் ஒரு பள்ளம் தோண்டுவார்கள். களிமண்ணைக் கொட்டி, நீர் கசியாத அளவுக்கு அடித்து இறுக்குவார்கள். மண்புழு துளைத்துவிடாமல் இருக்கச் சுண்ணாம்பு, வெயிலில் களிமண் வெடிக்காமல் இருக்க வைக்கோல், ஆட்டின் குளம்பு கிழிக்காமல் இருக்க மேலே மண்ணும் கல்லும். பனி இறங்கித்தான் இந்தக் குளங்கள் நிறைகின்றன என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் நிறைத்தது மழைதான். அறுவடை முடிந்ததும் இம்பர் ஆட்கள் கூட்டாகக் கிளம்பி ஊர் ஊராகக் குளம் வெட்டப் போவார்கள், வசந்தம் வந்ததும் திரும்புவார்கள். இந்தத் தொழிலின் நுணுக்கத்தைப் பற்றி வெளியில் இருந்து வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் உண்டு. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பயிற்சி நிலத்தின் வரைபடத்தில் இம்பர் வெறும் கட்டடத் தொகுதி. அந்த ஊருக்கென்று ஒரு கை வித்தை இருந்தது, அது ஊரோடு போனது.

இன்னொரு கதையும் உண்டு. 1839 அக்டோபர் 21 அன்று மாத்யூ டீன் என்ற இம்பர் விவசாயி டிவைசஸ் சந்தையிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கோர் கிராஸ் பக்கத்தில் நான்கு பேர் அவரை மடக்கிப் பணத்தைப் பறித்தார்கள். மனிதர் அழுது புலம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. ஆள் திரட்டிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் துரத்தினார். மணிக்கணக்கில் நடந்த துரத்தலில் பெஞ்சமின் கோல்க்ளஃப் என்ற திருடன் ஓடிய ஓட்டத்திலேயே விழுந்து செத்தான். மற்ற மூவரும் பிடிபட்டு 15 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றார்கள். திருடர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று ஊரார் பணம் போட்டுக் கல் நட்டார்கள். கோர் கிராஸில் சாலையோரம் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. இம்பருக்குள் நுழையும் வழிகளில் ஒன்று அது. பிறர் உடைமையை எடுப்பவர்களுக்கான எச்சரிக்கையைத் தாண்டித்தான் உங்கள் வண்டிகளும் போய் வருகின்றன. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, எடுத்த கதைக்கு வருகிறேன். இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதால் உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன்.

நீங்கள் ஊரைப் பறிக்கவில்லை, வாங்கினீர்கள். அப்போது உங்கள் பெயர் போர் அலுவலகம். 1897 முதல் சாலிஸ்பரி சமவெளியில் நிலம் வாங்க ஆரம்பித்தீர்கள். வெளிநாட்டுத் தானியம் மலிவாக வந்து இறங்கி, இங்கே விவசாயம் படுத்திருந்த காலம். நல்ல விலை சொன்னீர்கள், விவசாயிகள் விற்றார்கள். விற்றவர்களே குறைந்த குத்தகைக்கு அதே நிலத்தில் தொடர்ந்து உழலாம் என்றீர்கள். கையில் காசும் வந்து, காலடியில் மண்ணும் இருந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? இரண்டாம் உலகப்போர் வருவதற்குள் தேவாலயம் போன்ற ஒருசில கட்டடங்கள் தவிர இம்பரும் அதைச் சுற்றிய நிலமும் அநேகமாக உங்களுடையது. தேவைப்பட்டால் குடியிருப்பவர்களை வெளியேற்றலாம் என்ற உரிமையும் அந்தக் குத்தகைக்குள் இருந்தது. கிராமத்தில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஓர் ஊரையே யாராவது காலி செய்வார்களா என்ன?

போர் வந்ததும் ஊர் ராணுவத்தோடு பழகிப்போனது. 1942 ஏப்ரல் 13 அன்று இம்பருக்குப் பக்கத்தில் விமானத் தாக்குதல் ஒத்திகை ஒன்று நடந்தது. ஹரிக்கேன் விமானி ஒருவர், வேடிக்கை பார்க்க நின்றிருந்த படையினரை இலக்கு பொம்மைகள் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். 25 பேர் இறந்தார்கள், 71 பேர் காயமடைந்தார்கள். எதிரி ஒருவன்கூட இல்லாத இடத்தில் நடந்த சாவுகள். சர்ச்சில் பார்வையிடவிருந்த நிகழ்ச்சிக்கான ஒத்திகை அது.

அடுத்த ஆண்டு, 1943 நவம்பர் 1. இம்பர் மக்களைப் பள்ளிக்கூட அறைக்கு வரச் சொன்னார்கள். 47 நாளில் காலி செய்ய வேண்டும், டிசம்பர் 17-க்குள் ஒருவரும் இருக்கக் கூடாது என்றார்கள். ஐரோப்பாவுக்குள் இறங்கப்போகும் அமெரிக்கப் படைகளுக்குத் தெருச்சண்டை பழக ஓர் ஊர் வேண்டும் என்பதுதான் காரணம். எதிர்ப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவரவர் வீட்டுப் பிள்ளைகளும் போரில் இருந்தார்கள். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடலாம், போர் முடிந்ததும் ஊர் நம்முடையது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள் என்பது ஊரார் சாகும்வரை சொன்ன சொல். எழுத்தில் அப்படி ஓர் உறுதி இல்லை என்பது உங்கள் பதில். இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு வீட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் 150 கிராமத்து மனிதர்கள், சீருடை போட்ட அதிகாரியிடம் அதை எழுத்தில் கொடுங்கள் என்றா கேட்பார்கள்?

ஊர்க் கொல்லர் ஆல்பர்ட் நாஷ். நாற்பது வருடத்துக்கு மேல் அதே உலைக்களத்தில் வேலை செய்தவர். செய்தி வந்த பிறகு அவர் பட்டறைக் கல்லின் மேல் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொல்வார்கள். ஊரைவிட்டுப் போன சில வாரங்களில் இறந்துபோனார். மனமுடைந்து போனார் என்றுதான் அந்தப் பக்கத்தில் இன்றும் பேச்சு. உடலை இம்பருக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். திரும்பி வந்துவிடலாம் என்று சொன்ன ஊருக்கு அவர் ஒருவர் திரும்பி வந்தார்.

1943-இல் நடந்ததற்கு நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஹிட்லரை ஒழிக்க ஓர் ஊரைக் காலி செய்ய வேண்டியிருந்தது என்றால் அது ஒரு கணக்கு. ஊராரே அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டார்கள். எனக்குப் புரியாதது 1945-க்குப் பிறகான கணக்கு.

அதே காலத்தில் டெவனில் ஸ்லாப்டன் கடற்கரையைச் சுற்றிய ஊர்களையும் காலி செய்தார்கள். அதே அமெரிக்கப் படை, அதே படையெடுப்புக்கான ஒத்திகை, அதே டிசம்பர். 30,000 ஏக்கர், சுமார் 3,000 பேர். இம்பரைவிடப் பல மடங்கு பெரிய வெளியேற்றம். ஒத்திகையில் உயிர்ச்சேதமும் பயங்கரம். ஆனால் 1944-இலேயே அந்த மக்கள் திரும்பிவர ஆரம்பித்தார்கள். உடைந்த சுவரைக் கட்டினார்கள், பால் கறந்தார்கள், இன்றைக்கும் அங்கே ஊர் இருக்கிறது. இம்பருக்கு மட்டும் ஏன் அது வாய்க்கவில்லை? ஸ்லாப்டனில் மண் மக்களுடையது. இம்பரில் மண் ஏற்கெனவே உங்களுடையது. அவ்வளவுதான் வித்தியாசம். போருக்கு முன் நல்ல விலைக்கு விற்ற ஒருவரின் கையெழுத்து, அந்த நிலத்தில் பிறந்த பிள்ளை வீடு திரும்புவதைத் தடுத்தது. சட்டப்படி சரி. நீங்கள் வாங்கியது நிலமும் சுவரும் கூரையும். ஊர் என்பதை யாரும் உங்களுக்கு விற்கவில்லை, ஏனென்றால் அதை விற்கும் உரிமை எந்தத் தனி ஆளிடமும் இருந்ததில்லை.

ஊரார் சும்மா இருந்துவிடவும் இல்லை. 1961 ஜனவரி 22 அன்று, ஆஸ்டின் அண்டர்வுட் என்ற ஏம்ஸ்பரி ஊர்க் கவுன்சிலர் முன்னின்று நடத்திய பேரணியில் 2,000 பேர் வரை தடுப்புகளைத் தாண்டி இம்பருக்குள் வந்தார்கள். காரிலும் மோட்டார் சைக்கிளிலும் நடந்தும் வந்த கூட்டம். 'இம்பர் என்றென்றும்' என்பது அவர்கள் முழக்கம். உங்கள் தரப்பு கேட்டதோ, ஊருக்குப் போகும் பாதைகளில் பொதுமக்களுக்கு இருந்த வழி உரிமையை நிரந்தரமாக மூட வேண்டும் என்பது. அதே ஆண்டு விசாரணை நடந்தது. பாதை மூடுவதற்கு அனுமதி கிடைத்தது உங்களுக்கு. ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஒரு நாள். செப்டம்பரில் வரும் புனித ஜைல்ஸ் திருநாளை ஒட்டிய சனிக்கிழமை தேவாலயத்தைத் திறக்கலாம், கும்பிடலாம், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடலாம்.

அந்த ஒரு நாள் மட்டும்தான் உரிமையாக வந்தது. மற்றபடி இன்று ஈஸ்டர், ஆகஸ்ட், கிறிஸ்துமஸ் சமயங்களில் நீங்கள் சாலையைத் திறந்துவிடும் நாள்களெல்லாம் உங்கள் தயவு. திறப்பதற்கு நன்றி, அதில் சந்தேகமில்லை. ஆனால் தயவு என்பது எப்போது வேண்டுமானாலும் ரத்தாகக்கூடிய ஒன்று.

நான் போனது பேருந்து நாளில். தமிழ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2009 முதல் கோடையில் ஒரு நாள் வார்மின்ஸ்டர் ரயில் நிலையத்திலிருந்து இம்பருக்குப் பேருந்து ஓடுகிறது. தடம் எண் 23ஏ. லண்டனின் பழைய சிவப்பு மாடிப் பேருந்துகள்தான் வண்டிகள். லண்டன் போக்குவரத்துத் துறையின் தலைமையில் இருந்த பீட்டர் ஹெண்டியும் பேருந்துப் பித்துப்பிடித்த நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது. வசூலாகும் பணம் நற்பணிகளுக்குப் போகிறது. ஆள் இல்லாத ஊருக்கு, வருடத்தில் ஒரு நாள், சில நிமிடத்துக்கு ஒரு பேருந்து. ஆள் இருக்கும் கிராமங்கள் பலவற்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பேருந்து வந்தாலே அதிகம். இந்த நாட்டின் விசித்திரங்களில் எனக்குப் பிடித்தது இது.

மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். வார்மின்ஸ்டர் ராணுவக் குடியிருப்பைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து மேட்டுப் புல்வெளி விரிகிறது. ஓரத்தில் துருப்பிடித்த டாங்கிகள், குண்டுபட்டுப் பொத்தலானவை. 'சாலையைவிட்டு இறங்காதீர்கள், வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன' என்று பலகைக்குப் பலகை. பிறகு சாலை பள்ளத்தில் இறங்குகிறது, ஊர் வருகிறது.

வருவது இரண்டு ஊர். ஒன்று, 1970-களில் வட அயர்லாந்துக்குப் போகும் படையினர் பழகுவதற்காக நீங்கள் கட்டிய காலி வீடுகள். நேர் வரிசை, ஒரே அச்சு, கதவில்லை, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சதுர ஓட்டைகள். இன்னொன்று பழைய இம்பரில் மிஞ்சியது. பெல் இன் என்ற மதுக்கடைக் கட்டடம், இம்பர் கோர்ட் என்ற பெரிய வீடு, ஒரு பண்ணை வீடு, போருக்குச் சற்று முன்பு கட்டிய கவுன்சில் வீடுகள். பள்ளிக்கூடம் இல்லை. 1943-இல் கூட்டம் நடந்த அறை எங்கே இருந்தது என்று பேருந்தில் வந்த ஒருவரிடம் கேட்டேன், அவர் இன்னொருவரிடம் கேட்டார், கடைசியில் மூவருமாகப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாப்டிஸ்ட் சபையின் கோயிலும் இடிக்கப்பட்டுவிட்டது, கல்லறைகள் மட்டும் இருக்கின்றன. எனக்கு முன்னால் நடந்த ஒரு பெண்மணி உங்கள் 1970-களின் காலி வீட்டைக் காட்டி, இவ்வளவு நன்றாக இருக்கும் வீட்டைவிட்டு எப்படித்தான் போனார்களோ என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. எது ஊர், எது உங்கள் ஒத்திகைச் செட் என்று சொல்ல நான் பார்த்தவரை அங்கே ஒரு பலகைகூட இல்லை. எச்சரிக்கைப் பலகைக்கு மட்டும் பஞ்சமில்லை.

தேவாலயம் தப்பித்தது. மேட்டில் நிற்கும் புனித ஜைல்ஸ் தேவாலயம், 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கோபுரம் 15ஆம் நூற்றாண்டு. முதல்தர வரலாற்றுக் கட்டடமாகப் பதிவானது. சுற்றிலும் உயரமான கம்பிவலை. ஒரு காலத்தில் ஊரின் நிலக்கிழார்களாக இருந்த ரௌஸ் குடும்பத்தாரின் கல்லறைச் சிலைகளை எடிங்டன் தேவாலயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2005 முதல் தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அவர்கள் கூரையையும் சுவரையும் சரிசெய்த பிறகு உள்ளே நின்று பார்க்கும்படி இருக்கிறது. நான் அதிக நேரம் நின்றது கோபுரத்தின் அடியில். மணியடிப்பவர்கள் எந்த வரிசையில் கயிற்றை இழுக்க வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டில் யாரோ சுவரிலேயே எண்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வரிசை, அதில் இரண்டு எண்ணை மாற்றி அடுத்த வரிசை, அப்படியே கீழே கீழே. ஒருவர் மறந்தால் மற்றவர் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வசதியாக. அடிக்கத்தான் ஆளில்லை.

இந்தத் தேவாலயம் நின்றதற்குக் காரணம், அது உங்களுக்கு விற்கப்படவில்லை என்பதுதான். உரிமையாளர் வேறு ஒருவர் இருந்தார், அவர் கேட்டார், திறந்தது, பிழைத்தது. உங்கள் கைக்கு வந்த வீடுகளுக்கு அப்படிக் கேட்க ஆளில்லை.

இனி டைன்ஹாம். இம்பர் காலியான அதே வாரத்தில், 1943 டிசம்பரில், டார்செட் கடற்கரையோரம் டைன்ஹாமையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்து 225 பேரை அனுப்பினீர்கள். போகும்போது தேவாலயக் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். வீடுகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று. திரும்ப முடியவில்லை, 1948-இல் கட்டாயக் கொள்முதல் செய்தீர்கள். 1970-களின் தொடக்கத்தில் பிரபு நியூஜென்ட் தலைமையிலான குழு அந்த நிலத்தை விட்டுவிடலாம் என்றே பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. ஆனால் 1975 முதல் பாதைகளைத் திறந்தீர்கள். இன்று பெரும்பாலான வாரக் கடைசிகளில் டைன்ஹாமுக்குப் போகலாம். பள்ளிக்கூடத்தைச் செப்பனிட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் கோட்டு மாட்டிய கொக்கிகளுக்கு மேல் அவர்கள் பெயர் இருக்கிறது. கூரை போன வீடுகளுக்குள் யார் குடியிருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று பலகைகள் இருக்கின்றன. அதுவும் பீரங்கிப் பயிற்சி நிலம்தான். வார நாளில் சுடுகிறீர்கள், சனி ஞாயிறில் கதவைத் திறக்கிறீர்கள். உங்கள் அமைச்சகம், உங்கள் வேலி, உங்கள் பணம். செய்யத் தெரிகிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி?

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். டைன்ஹாம் ஓரத்தில் இருக்கிறது, இம்பர் நடுவில். சமவெளி 38,000 ஹெக்டேர், நாட்டின் மிகப் பெரிய பயிற்சி நிலம், அங்கே வாரக் கடைசி தோறும் வேலையை நிறுத்த முடியாது. ஒப்புக்கொள்கிறேன். வாரக் கடைசி தோறும் கேட்கவும் இல்லை.

இயற்கையைக் காப்பாற்றியதே ராணுவம்தான் என்றும் சொல்வீர்கள். அதிலும் உண்மை இருக்கிறது. உழவும் உரமும் படாததால் வடமேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய சுண்ணாம்புப் புல்வெளி அங்கே மிஞ்சியது. 1832-க்குப் பிறகு பிரிட்டனில் அழிந்துபோன பெருங்கானமயிலை 2004 முதல் அந்தச் சமவெளியில்தான் மறுபடி விட்டு வளர்க்கிறார்கள். டாங்கிச் சக்கரம் பதிந்த குழிகளில் தேங்கும் மழைநீரில் ஓர் அரிய நன்னீர் இறால் வாழ்கிறது. சின்ன உடம்பு, ஒளி ஊடுருவும், மல்லாந்து நீந்தும். டாங்கி சேற்றை மிதித்துக்கொண்டு போகும்போது அதன் முட்டை அடுத்த குழிக்குப் போகிறது. படித்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இறாலைக் கணக்கெடுக்க உங்களிடம் ஆள் இருக்கிறது, எந்தக் குழியில் எது வாழ்கிறது என்று பதிவு வைக்கத் தெரிகிறது. அதே அக்கறையில் பத்தில் ஒரு பங்கு, எந்தக் கூரைக்கடியில் எந்தக் குடும்பம் வாழ்ந்தது என்பதற்கும் வேண்டும் என்கிறேன்.

ஆகவே என் கோரிக்கையை விவரமாகச் சொல்கிறேன். மிஞ்சி நிற்கும் ஒவ்வொரு பழைய கட்டடத்தின் முன்னாலும், இடிந்துபோன பள்ளிக்கூடம், பாதிரியார் வீடு, பாப்டிஸ்ட் கோயில், நாஷின் உலைக்களம் இருந்த இடங்களிலும் ஒரு பலகை வையுங்கள். இங்கே யார் இருந்தார்கள், எப்போது போனார்கள் என்று எழுதினால் போதும். 1970-களின் வீடுகளின் மேல், இது ராணுவம் கட்டியது என்று ஒரு வரி. பள்ளிக்கூடம் இருந்த இடத்துப் பலகையில் மட்டும் இன்னும் கொஞ்சம் எழுதுங்கள். நிலம் வாங்கியதையும், 47 நாளையும், திரும்பலாம் என்று சொன்னதாக ஊரார் சொன்னதையும், எழுத்தில் அப்படி இல்லை என்று நீங்கள் சொல்வதையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டு தரப்பும் இருக்கட்டும், படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். 1942-இல் செத்த 25 பேரையும் அங்கே குறிப்பிடுங்கள்.

திறக்கும் நாள்களைப் பொறுத்தவரை, இப்போது நீங்களாக விடும் நாள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். அவற்றை அந்த ஒரு சனிக்கிழமை மாதிரி எழுத்துப்பூர்வமான உரிமையாக்கி, வருடத் தொடக்கத்திலேயே தேதியை அறிவியுங்கள். போர், அவசரம் என்று வந்தால் மூடுங்கள், ஆனால் மூடியதற்குப் பதிலாக வேறொரு நாள் தாருங்கள். பெல் இன் கட்டடம் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் இதில் அடக்கம். மதுக்கடையாகத் திறக்கச் சொல்லவில்லை. அப்படியொரு எண்ணம் உங்களுக்கே வந்தால் பேருந்தில் வரும் கூட்டம் எதிர்க்காது.

பலகையில் எழுத விவரம் எங்கே கிடைக்கும் என்று நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரைவிட்டுப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புனித ஜைல்ஸ் நாளில் தேவாலயத்துக்கு வருகிறார்கள். தாத்தா வீட்டின் சமையலறை எந்தப் பக்கம், கிணறு எங்கே என்று கேட்டு வளர்ந்தவர்கள். அடுத்த செப்டம்பரில் உங்கள் அலுவலர் ஒருவரை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் உட்கார வையுங்கள். ஒரே நாளில் பாதி ஊர் நிறைந்துவிடும். அவர்களும் வயதானவர்கள். தள்ளிப்போட்டால் அந்த நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆள் கிடைக்காது.

பதிலை ஆங்கிலத்திலேயே அனுப்பலாம், நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வில்ட்ஷையரில் குடியிருந்து, உங்களுக்கும் சேர்த்து வரி கட்டும் ஒரு தமிழன்